இருபத்தெட்டு எழுத்து

காரங்காட்டுக் கரையில் காலை ஏழே கால்.
ஆவுளியா ஒதுங்கியிருந்தது. ஆண்.
இரண்டே முக்கால் மீட்டர்,
வால்துடுப்பில் நைலான் அறுத்த தடம்,
வாயோரம் மென்று முடிக்காத வாட்டாழை.

டாக்டர் பெனசீர் வயிற்றைத் திறந்ததும்
கச்சான் காற்று நாற்றத்தை
எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்தது.
"உனக்கு எது வேணும்?" என்றார்.
விரை, என்றேன்.
கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும்
ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள்.
யானையைப் போல இதற்கும் அது உள்ளே,
சிறுநீரகத்தை ஒட்டி. தேடித்தான் எடுக்க வேண்டும்.

நான் கொண்டுபோன உலர்பனி
தொண்டி தாண்டுமுன்பே புகைந்து தீர்ந்திருந்தது.
சந்தியாகு தன் நண்டுப்பெட்டியிலிருந்து
இரண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டார்.
"இதுல என்ன பாப்பீங்க?"
எழுத்து.
"என்ன எழுதியிருக்கும்?"
தெரிஞ்சா சொல்றேன், என்றேன்.
பாதி பொய்.

மூன்று மாதம் கழித்து, மண்டபத்தில்,
மின்வெட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே
திரை நிறைய வரிகள்.
இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது எழுத்து,
அதற்குமேல் நீளாத ஆர்என்ஏக்கள்.
புரதம் எதையும் செய்யாதவை.
விந்து உருவாகும் இடத்தில் லட்சக்கணக்கில்.

ஏன் அங்கே?
தாவும் துணுக்குகள் என்று சில உண்டு.
தன்னைத்தானே நகலெடுத்து
இடம் கண்ட இடத்தில் செருகிக்கொள்பவை.
தோலில் நுழைந்தால் தோலோடு போகும்.
விதையில் நுழைந்தால் வம்சத்தோடு வரும்.
ஆகவே விதைவழியில் காவல் அதிகம்.
காவலுக்கு ஆயுதம்,
எப்போதோ உள்ளே வந்து செத்த திருடனின்
பெயரிலிருந்தே நறுக்கிய துண்டு,
எதிரெழுத்தில் எழுதியது.
அவன் பெயரை மாற்றிக்கொண்டு வருகிறான்.
இது அந்தப் பெயரையும் நறுக்குகிறது.
கோடி ஆண்டுகளாக, குட்டி போட்டுப் பால் கொடுக்கும்
எல்லா உடம்பிலும்.

இவ்வளவுதான் என்றால் நான் ஊருக்குப் போயிருப்பேன்.

பெரும்பாலானவை எந்தத் திருடனையும் தேடவில்லை.
யாரைத் தேடுகின்றன? தெரியவில்லை.
எங்கோ ஓர் ஆய்வகத்தில்
எலியிடமிருந்து ஒரு தொகுதியை அப்படியே வெட்டினார்கள்.
எலி ஒன்றும் சொல்லாமல் தகப்பனாயிற்று.
இன்னொன்றை வெட்டினார்கள். ஆகவில்லை.

யானையின் வரிகளைப் பக்கத்தில் வைத்தேன்.
ஆறு கோடி ஆண்டுக்கு முன் இரண்டுக்கும் ஒரே வயிறு.
தொகுதி இருக்கும் இடம் மாறவில்லை,
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அதே அண்டைவீட்டு மரபணுக்கள்.
நடுவில் இருக்கும் எழுத்துதான் அடையாளம் தெரியாமல்.
மூன்றாம் மணல்தீடை என்கிறோம்.
மூன்று அங்கேயே இருக்கிறது.
மணல் ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று.

போன வருடம் முள்ளிமுனையில் செத்ததையும் எடுத்தேன்.
இதே விரிகுடா, இதே புல்.
ஒரு வரியில் பன்னிரண்டாம் இடத்தில்
அதற்கு ஏ, இதற்கு ஜி.
மூன்று முறை ஓட்டினேன். ஜி தான்.
ஒரு பொருளும் இல்லாமல் இருக்கலாம்.
ஆறு கோடி ஆண்டும் இப்படித்தான்
ஒவ்வொன்றாய் ஆரம்பித்திருக்கும்.
இரண்டு செத்த உடம்பை வைத்துக்கொண்டு
இதற்குமேல் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ராத்திரி பதினொன்றுக்கு சந்தியாகு போன்.
"இன்னொண்ணு மாட்டுச்சு. உசுரோட.
அறுத்து விட்டுட்டேன். வலை போச்சு."
ஆணா பெண்ணா?
"புரட்டியா பாக்க முடியும்?"
சிரித்தார். பிறகு,
"அந்த எழுத்து என்ன ஆச்சு?"

பாதி பாதிதான் தெரியுது, என்றேன்.
"எங்களுக்கும் கடல் அப்படித்தான்,
ஆனா சம்பளம் இல்ல."

பதிவேட்டைத் திறந்தேன்.
இடம்: காரங்காடு. அளவு: சுமார்.
பாலினம்: தெரியாது.
மாதிரி: எடுக்கவில்லை, நீந்திப் போய்விட்டது.